ஒற்றுப்பிழை இல்லாத வீடு

வாடகைக்குக் கொடுப்பதாகன்னு வரணும் சார், நடுவுல ஒரு க் வரும். இல்ல, அங்க இல்ல, அதுக்கு முன்னாடி. ஆங், அதேதான். மன்னிச்சுக்கோங்க. புகார் குடுக்க வந்தவ எழுதுறவருக்கே திருத்தம் சொல்றேன் பாருங்க. கை அரிக்குது சார், என்ன பண்றது? இருபத்தாறு வருஷமா அச்சகத்துல பிழை பாக்குற வேலை எனக்கு. பாடப்புத்தகம், காலண்டர், மருந்து டப்பாக்குள்ள எட்டா மடிச்சு வச்சிருப்பாங்களே ஒரு சீட்டு, அது வரைக்கும் பாத்திருக்கேன். பஸ்ல போனா கடை போர்டையெல்லாம் மனசுக்குள்ள திருத்திக்கிட்டே போவேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை எத்தனையோ தடவை விட்டிருக்கேன்.

இல்ல சார், என் புருஷன் உள்ள வர வேண்டாம். வெளில பெஞ்சுலயே இருக்கட்டும். கால் சரியில்ல. நானே சொல்லிடறேன்.

சுருக்கமாவா? சுருக்கமாச் சொன்னா, நான் ஒரு முட்டாள் சார். அதை வச்சு நீங்க கேஸ் எழுத முடியாதே, அதனாலதான் விவரமாச் சொல்றேன்.

நாங்க இருந்தது மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பதினாலு வருஷம் அங்க ஓட்டிட்டோம். எங்க வீட்டுக்காரர் குழாய் வேலை பாக்குறவரு. முப்பது வருஷமா ஊரார் வீட்டு சிங்க்குக்கு அடியில மண்டி போட்டு மண்டி போட்டு ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டி, இனிமே மாடிப்படி ஏறினீங்கன்னா என்கிட்ட வராதீங்கன்னுட்டாரு. அப்புறம் பாத்தா மனுஷன் காலைல வேலைக்கு இறங்கினா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் ஏறுவாரு. மத்தியானச் சாப்பாட்டை நான் கூடையில வச்சுக் கயிறு கட்டி இறக்குவேன். கீழ் வீட்டுக்காரங்க சன்னலைத் தாண்டும்போது சாம்பார் வாசனைக்குக் கையை நீட்டுவாங்களோன்னு பயம் வேற. சிரிங்க சார், பரவால்ல. நாங்களும் சிரிச்சோம். ஒரு நாள் படியில பாதியில உக்காந்துட்டு, நீ மேல போ, நான் அப்புறம் வரேன்னாரு. ஒரு மணி நேரம் கழிச்சும் வரல. போய்ப் பாத்தா அதே படியில கண்ணு கலங்கி உக்காந்திருக்காரு. அதோட சிரிப்பு நின்னுச்சு.

தரைத்தளத்துல ஒரு வீடு. வேற ஆசையே இல்ல எங்களுக்கு.

தேடுற வேலை என்னோடது. ஏன்னா படிக்கிறவ நான். அவருக்கு எழுத்தைப் பாத்தாலே கொட்டாவி வரும். நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்பாரு. கல்யாணமான நாள்லேருந்து இதே பேச்சு. மனுஷனைத் திட்டிக் கெடுக்கிறது ஒரு வகை, இப்படி நம்பிக் கெடுக்கிறது ஒரு வகை.

ஏமாந்துடக் கூடாதுன்னு தெரியாமலா இருந்தேன்? நல்லா தெரியும் சார். நோட்டே போட்டேன். பேப்பர்ல வர்ற எச்சரிக்கையெல்லாம் பாத்துப் பாத்து எழுதி வச்சேன். வீட்டுக்குள்ள போய்ப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதே. ஓனர் வெளியூர்ல இருக்கேன், சாவி கூரியர்ல வரும்னா போனை வச்சிடு. வேற பார்ட்டி வராங்கன்னு அவசரப்படுத்தினா ஆற அமர யோசி. பத்திரத்தைக் காட்டச் சொல்லு, வரி ரசீதைக் கேளு. இதையெல்லாம் மனப்பாடமா ஒப்பிப்பேன். அக்கம்பக்கத்துல வீடு தேடுறவங்க யாரைப் பாத்தாலும் நிறுத்தி வச்சுப் பாடம் எடுத்தேன். பெட்டிக்கடைக்காரர் என்னைப் பாத்தாலே அக்கா வீடு கிடைச்சிருச்சான்னு கேக்குறதை நிறுத்திட்டாரு, அரை மணி நேரம் போயிடுதாம்.

ரெண்டு ஃப்ராடு விளம்பரத்தை நானே கண்டுபிடிச்சேன் தெரியுமா? ஒண்ணுல அழகிய விடு வாடகைக்குன்னு போட்டிருந்தான். வீடுங்கிறதுக்குப் பதிலா விடு. விடுன்னு அவனே சொல்றானேன்னு விட்டுட்டேன். அந்த நம்பரை நம்பிப் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் ஏமாந்தாரு. இன்னொண்ணுல பள்ளி அருகில்னு எழுத வேண்டியவன் பல்லி அருகில்னு எழுதியிருந்தான். அதுவும் மோசடின்னு பின்னால பேப்பர்ல வந்துச்சு. ரெண்டே ரெண்டு சார். அந்த ரெண்டை வச்சுக்கிட்டு நான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிச்சிட்டேன். ஏமாத்துறவனுக்கு எழுத்து சரியா வராது. எழுத்துல ஒழுங்கா இருக்கிறவன் நடத்தையிலயும் ஒழுங்காத்தான் இருப்பான். நோட்டுல கடைசியா இதை எழுதிச் சிவப்பு மையில அடிக்கோடு வேற போட்டேன்.

அப்பதான் இந்த விளம்பரம் வந்துச்சு.

பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன், இந்தாங்க. படிக்கவே தேவையில்ல, எனக்கு நெட்டுருவாத் தெரியும். தரைத்தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வீடு. படியேற வேண்டாம். சமையலறைச் சன்னலைத் திறந்தால் காலை வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வரும்; அதைத் தாண்டி வராது. பாத்தீங்களா? சமையலறைச் சன்னல், அங்க ஒரு ச். சன்னலைத் திறந்தால், அங்க ஒரு த். அதுகூடப் பரவால்ல. வரும், அங்க அரைப்புள்ளி போட்டிருக்கு பாருங்க. புள்ளி மேல, கால் கீழ. இந்தக் காலத்துல அரைப்புள்ளியை யாரு சார் போடறாங்க? புத்தகம் எழுதுறவங்களே போடறதில்ல. அரைப்புள்ளியைச் சரியான இடத்துல போடத் தெரிஞ்ச ஒருத்தன் அடுத்தவன் காசுக்கு ஆசைப்படுவானா? நான் அப்படித்தான் நினைச்சேன். படிச்சப்ப ஏதோ ரொம்ப நாள் பழகினவங்க பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. அந்த வெயில் என் கையில படற மாதிரியே இருந்துச்சு.

போன் பண்ணேன். குரல் அவ்வளவு பதவிசு. எனக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சுங்க, இப்ப இருக்கிற குடும்பம் மாசக் கடைசியில காலி பண்றாங்க, கைக்குழந்தை இருக்கு, உள்ள போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம், வெளிலேருந்து பாத்துக்கோங்கன்னாரு. ஆமா சார், ஓனர் வெளியூர். உள்ள பாக்க முடியாது. என் நோட்டுல இருக்கிற முதல் ரெண்டு வரியும் அங்கயே அடிபட்டுப் போச்சு. எனக்கு உறைக்கலயே.

ரெண்டு பேரும் போய்த் தெருவுல நின்னு பாத்தோம். இவரு காம்பவுண்டு ஓரமா நடந்து பைப் லைனையெல்லாம் எட்டிப் பாத்தாரு. லைன் ஒழுங்காப் போட்டிருக்கான், ஆனா உள்ள போய் ஒரே ஒரு குழாயைத் திருகிப் பாத்துட்டா எனக்கு நிம்மதின்னாரு. அவரு கேட்டது அவ்வளவுதான் சார். ஒரு குழாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாத்தையும் திருகிப் பாத்தாத்தான் உங்களுக்கு நம்பிக்கை, எழுத்தைப் பாத்தே ஆளை எடை போடத் தெரியும் எனக்குன்னு சொன்னேன். நடுத்தெருவுல நின்னு சொன்னேன். அவரும் சரி, நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. தாங்கள் பொறுமையாக முடிவெடுங்கள். அவசரம் எதுவும் இல்லை. நாளை வேறொருவர் பார்க்க வருகிறார் என்பதை மட்டும் தெரியப்படுத்துகிறேன். இவரு கேட்டாரு, என்னம்மா அவசரப்படுத்துறானான்னு. இல்லீங்க, அவசரம் இல்லன்னு தெளிவா எழுதியிருக்காரேன்னேன். மறுநாள் காலைல பத்து மணிக்கு பேங்க் வாசல்ல நான்தான் முதல் ஆள். எவ்வளவுங்கிற விவரம் அந்த ரசீதுல இருக்கு சார், நீங்களே பாத்து எழுதிக்கோங்க. என் வாயால சொல்ல வேண்டாம்.

சாவி வந்துச்சு. ஆமா, கூரியர்லதான்.

சாமான் ஏத்திக்கிட்டு மினி லாரியில போய் இறங்கினோம். லாரிக்காரர் பீரோவை இறக்கி வாசல்ல வச்சிட்டாரு. நான் சாவியைப் போட்டுத் திருப்புறேன், திரும்பல. புதுசா வெட்டின சாவி, அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். இவரு உடனே டூல்ஸ் பையைத் திறந்து, பூட்டு துருப்பிடிச்சிருக்கும்னு சொல்லி எண்ணெய் விட்டாரு. யாரோ ஒருத்தர் வீட்டுப் பூட்டுக்கு சார்! தொடைச்சு விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, அவ்வளவு பொறுப்பா வேலை பாத்துக்கிட்டு இருக்காரு. அப்ப உள்ளேருந்து கதவு திறக்குது. தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டு ஒரு அம்மா. எங்களைப் பாக்குறாங்க, எங்க பீரோவைப் பாக்குறாங்க. பூட்டு ரிப்பேருக்கு நாங்க யாரையும் கூப்பிடலயேங்கிறாங்க. நான் சொல்றேன், நீங்க இன்னும் காலி பண்ணலயா, இன்னைக்கு ஒண்ணாம் தேதியாச்சேன்னு. ரொம்ப அதிகாரமாவே கேட்டேன். அவங்க, இது எங்க சொந்த வீடும்மா, பதினோரு வருஷமா இருக்கோம்னாங்க.

நான் விளம்பரத்தை எடுத்துக் காட்டினேன். காட்டினா அந்த அம்மா பயந்துடுவாங்கன்னு நினைச்சேன் போல. அவங்க படிச்சுப் பாத்துட்டு, நல்லா எழுதியிருக்காங்கம்மா, ஆனா எங்க வீட்டு சமையலறைல சன்னலே கிடையாதேன்னாங்க.

நம்பல சார் நான். உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. சன்னல் இருக்க வேண்டிய இடத்துல முழுச்சுவரு. சுவரு நிறைய அலமாரி. பகல்லயும் டியூப்லைட் எரியுது. நான் அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பாக்குறேன், எங்கயாவது சன்னல் மறைஞ்சிருக்குமோன்னு. அப்புறம் அவங்க வீட்டுத் தரையில உக்காந்துட்டேன். அந்த அம்மா தண்ணி குடுத்தாங்க. பாவம், காபி குடிச்சாங்களோ இல்லையோ, காலங்காத்தால யாரோ ஒருத்தி வந்து வீட்டு நடுவுல உக்காந்து அழுதா அவங்க என்ன பண்ணுவாங்க?

இவரு என்ன பண்ணாருன்னு கேளுங்க. அவங்க சிங்க் குழாய் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் இந்தப் பக்கம் அழறேன், அவரு அந்தப் பக்கம் ஒரு காலை நீட்டி உக்காந்து வாஷர் மாத்துறாரு. காசு வேண்டாம்மா, காலைலயே உங்களைச் சிரமப்படுத்திட்டோம்னு சொல்றாரு. அந்த அம்மாவே கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

நாங்க பீரோவைத் திரும்ப ஏத்திக்கிட்டு இருக்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. ஒரு பொண்ணு இறங்கினா, ஆஸ்பத்திரி நர்ஸு. ஒரு சூட்கேஸ், ஒரு மடக்குக் கட்டில். கையில எங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒரு சாவி. என் முகத்தைப் பாத்தா, பீரோவைப் பாத்தா, அப்படியே சூட்கேஸ் மேல உக்காந்துட்டா. அடுத்த வாரம் அவ அம்மாவை ஊர்லேருந்து கூட்டிட்டு வரதா இருந்தாளாம். எப்படிம்மா நீ நம்பினேன்னு கேட்டேன். நான் கேக்கலாமா அந்தக் கேள்வியை? ஆனாலும் கேட்டேன். அந்த வெயில் வரிதான் அக்கா, அதைப் படிச்சதும் அம்மா அந்த மேடைகிட்ட நிக்கிற மாதிரி தெரிஞ்சுதுன்னா.

அவ இங்க வந்து புகார் குடுத்தாளா? பாருங்க சார், தயவுசெஞ்சு பாருங்க. நாலைஞ்சு வாரம் ஆச்சு... வரலையா? ம்.

இப்ப எங்க இருக்கோமா? நாத்தனார் வீட்டுல. ஒரு ரூம் குடுத்திருக்காங்க. பீரோ அவங்க கார் நிறுத்துற இடத்துல, கார் தெருவுல. அதனால தினமும் காலைல அவங்க வீட்டுக்காரர் காரைத் தொடைக்கும்போது என்னை ஒரு பார்வை பாப்பாரு. நாத்தனார் நல்லவங்கதான். ஆனா இத்தனை வருஷம் அவங்க எழுதுற மளிகை லிஸ்டுல துவரம்பருப்புக்குச் சின்ன ரவா, பெரிய றவான்னு கேட்டு நான் சிரிச்சிருக்கேன். இப்ப லிஸ்ட் எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, நீயே எழுதும்மா, உனக்குத்தான் எழுத்தைப் பாத்தா ஆளைத் தெரியுமேங்கிறாங்க. எழுதிக் குடுக்குறேன். வேற வழி?

ஆனா அதெல்லாம் தாங்கிப்பேன் சார். தாங்க முடியாதது வெளில உக்காந்திருக்காரே, அவரைத்தான். ஒரு வார்த்தை திட்டல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான்தான் குழாயைத் திருகிப் பாக்கணும்னு சொன்னேனேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. யாரு விசாரிச்சாலும், அவ மேல தப்பே இல்லீங்க, அவ்வளவு அழகா எழுதியிருந்தான், எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் நம்பியிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு. அன்னைக்கு நாத்தனார் ஏதோ குத்திப் பேசினப்ப, எழுத்தைப் பாத்தாலே கொட்டாவி விடற மனுஷன் அந்தப் பேப்பரை எடுத்து, இந்த வரியைப் படிச்சுப் பாரு அக்கா, நீயா இருந்தா ஏமாந்திருக்க மாட்டியான்னு சண்டைக்குப் போறாரு. அப்ப நான் பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேன்.

கையெழுத்தா? எங்க, இங்கயா?

இருங்க சார். இன்னும் ஒரு பத்தி எழுதணும். இடம் இருக்கா? இல்லைன்னா பின்பக்கம் எழுதுங்க.

போன்ல பேசின ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா விளம்பரத்தை எழுதினது யாருன்னு தெரியும். நான்தான்.

இல்ல சார், புத்தி சரியாத்தான் இருக்கு. அச்சகத்துல ஆளைக் குறைச்சதுக்கு அப்புறம் வீட்டுலேருந்தே துண்டு துண்டா வேலை வாங்கிச் செய்வேன். எது வந்தாலும் வாங்குவேன், மருந்துச் செலவு இருக்கே. ஒரு கம்பெனின்னு சொல்லி போன்ல ஒரு பொண்ணு பேசினா. வீட்டு விளம்பரம் நிறைய இருக்கு, தமிழ் கன்னாபின்னான்னு இருக்கு, திருத்திக் குடுங்க மேடம்னா. அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அடுப்புல குழம்பைக் கொதிக்க விட்டுட்டு இந்தக் கையில கரண்டி, அந்தக் கையில போனுன்னு திருத்தினேன். முந்நூறு இருக்கும். ஒரு நாள் அந்தப் பொண்ணு சொன்னா, பிழை மட்டும் பாத்தா போதாது மேடம், படிச்சா நம்புற மாதிரி கொஞ்சம் எழுதிக் குடுங்கன்னு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு? இருபத்தாறு வருஷத்துல என்னை எழுதுன்னு சொன்ன முதல் ஆள் அவதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அச்சகத்து ஆள் நம்பரைத் தேடறேன்னு பழைய மெசேஜையெல்லாம் தள்ளிக்கிட்டே போனேன். கண்ணுல பட்டுச்சு. அவங்க அனுப்பினது, கிட்சன் சன்னல் வெளிசம் உன்டு. மூணு பிழை. அதுக்குக் கீழ என் பதில். சமையலறைச் சன்னலைத் திறந்தால் காலை வெயில் அடுப்பு மேடை வரைக்கும் வரும், அரைப்புள்ளி, அதைத் தாண்டி வராது. மூணாவது மாடியில எங்க சமையலறை சார் அது. திருத்தும்போது கண்ணு முன்னாடி இருந்ததைப் பாத்து எழுதியிருக்கேன். எழுதி அனுப்பிட்டு மறந்தும் போயிட்டேன். அவசரம் எதுவும் இல்லைன்னு வந்த மெசேஜ்? அதுவும்தான். வாடிக்கையாளருக்குப் பதில்னு ஒரு பத்து வரி அனுப்பினாங்க, அதையும் மெருகேத்திக் குடுத்திருக்கேன். எனக்கு நானே எழுதி, நானே படிச்சு, நானே மயங்கி, பேங்க் வாசல்ல நானே முதல் ஆளா நின்னிருக்கேன்.

நானாவது என் எழுத்துக்கு நானே ஏமாந்தேன். அந்த நர்ஸ் பொண்ணு என்ன பண்ணா? முந்நூறு சார். முந்நூறு பேரா இருந்தா?

அந்தக் கம்பெனி நம்பர் மூணு, கூலி போட்ட கணக்கு, அனுப்பின எல்லா விளம்பரமும், எல்லாம் இந்த போன்ல இருக்கு. எடுத்துக்கோங்க. ஒண்ணையும் அழிக்கல. அழிக்கணும்னு தோணுச்சு, ரெண்டு தடவை தோணுச்சு. அதையும் எழுதிக்கோங்க.

என்னையும் உள்ள வைப்பீங்களா? வச்சா தரைத்தளமா சார்? இல்ல, படி ஏறி வந்து பாக்க அவரால முடியாது, அதுக்குத்தான் கேட்டேன்.

இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது. இந்த ஏழு நாளா அவரு எனக்காகப் பேசப் பேச, வாய் வரைக்கும் வந்து வந்து நின்னுச்சு. முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிட்டா அடுத்த தடவை வரும்னு நினைச்சேன். வருதான்னு பாக்கலாம். அவரைக் கூப்பிடுங்க சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கூப்பிட்டா மட்டும் போதும்.

வாங்க. இந்த நாற்காலில உக்காருங்க, காலை நீட்டிக்கோங்க. இல்லீங்க, சார் ஒண்ணும் கேக்கல. அழலையே, நான் எங்க அழுதேன்? நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. சார் கடைசியா எழுதின இந்த வரியை உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்.